ரீப்பரின் ரெண்டர் சாளரம்: பட்டியலில் ஐந்து வேகங்கள், கைக்கு உதவுபவை மூன்று

இசைப்பதிவு மென்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் எடிட்டிங் வசதிகளையும் கூடவே வரும் ப்ளக்-இன்களையும் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ உள்ளே பொருத்தும் துணை நிரல்களையும்) விரிவாக அலசிவிட்டு, வேலையெல்லாம் முடிந்த பிறகு பாட்டை ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்கக் கடைசியாகத் திறக்கும் ரெண்டர் சாளரத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் பாடகரோ நாட்டிய ஆசிரியரோ விளம்பரப் படம் எடுப்பவரோ என்னிடமிருந்து பெற்றுக்கொண்டு போவது அந்தச் சாளரத்திலிருந்து வெளிவரும் கோப்பை மட்டுமே. உள்ளே எத்தனை ட்ராக்குகள் இருந்தன, எந்தக் கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கும் கருவியை) போட்டேன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. ஆகவே இந்த மதிப்புரையை, ரீப்பர் 7 என்ற இசைப்பதிவு மென்பொருளின் அந்த ஒரு சாளரத்தோடும், குறிப்பாக அதில் இருக்கும் 'ரெண்டர் ஸ்பீட்' என்ற சிறு பட்டியலோடும் நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் ஓர் அறையை ஸ்டுடியோவாக்கி வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாக இதே மென்பொருளில் வேலை செய்து வருகிறேன் என்பதால், நான் சொல்வது முதல் நாள் அனுபவம் அல்ல.

ரீப்பரை வெளியிடும் காக்கோஸ் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃபிராங்கெல், ஒரு காலத்தில் நம் எல்லோருடைய கணினியிலும் எம்பி3 பாடிக்கொண்டிருந்த வின்ஆம்பை எழுதியவர். அந்தப் பழைய மென்பொருளில் இருந்த சிக்கனம் இதிலும் இருக்கிறது: நிறுவும் கோப்பு சிறியது, திறக்க நேரம் எடுப்பதில்லை, எந்த வசதியையும் அலங்கரித்துக் காட்டுவதில்லை. அதே சிக்கனம்தான் ரெண்டர் சாளரத்தில் சற்றுக் கருமித்தனமாகவும் மாறிவிடுகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பட்டியலில் ஐந்து தேர்வுகள் உள்ளன: 'ஃபுல்-ஸ்பீட் ஆஃப்லைன்', '1எக்ஸ் ஆஃப்லைன்', 'ஆன்லைன் ரெண்டர்' (பாட்டு ஒலிக்கும் வேகத்திலேயே, அதாவது நிகழ்நேரத்தில், எடுப்பது), பிறகு ஆன்லைனுக்கும் ஆஃப்லைனுக்கும் 'ஐடில்' என்ற பின்னொட்டோடு ஒவ்வொன்று. கடைசி இரண்டும் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. முதல் மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, மென்பொருள் பாட்டை ஒலிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஒலியை மென்பொருள் ஒரே ஓட்டமாகக் கணக்கிடுவதில்லை; சிறு துண்டுகளாக நறுக்கித்தான் கணக்கிடுகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள்கள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளிகள்) என்ற கணக்கில், பஃபர் அளவை, அதாவது ஒரு துண்டில் உள்ள சாம்பிள்களின் எண்ணிக்கையை, 512 என்று வைத்திருந்தால், ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 10.7 மில்லிவிநாடி. பாட்டை ஒலிக்கவிட்டுக் கேட்கும்போது, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கும் மைக், ஸ்பீக்கருக்கும் இடையிலான பெட்டி) ஒவ்வொரு 10.7 மில்லிவிநாடிக்கும் ஒருமுறை அடுத்த துண்டைக் கேட்டுக் கையை நீட்டுகிறது. அதற்குள் எல்லா ட்ராக்குகளும் எல்லா ப்ளக்-இன்களும் தம் கணக்கை முடித்துத் தந்தாக வேண்டும், தராவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்றோ 'கிர்' என்றோ ஓர் அறுபடும் ஓசை கேட்கும். ஆஃப்லைன் ரெண்டரில் இந்தக் கையை நீட்டுபவர் இல்லை. ஒரு துண்டு முடிந்தவுடன் அடுத்தது, அது முடிந்தவுடன் அதற்கடுத்தது என்று, ஐந்து நிமிடப் பாட்டின் 28,125 துண்டுகளையும் செயலி தன் வேகத்தில் கணக்கிட்டு நேரே வட்டில் எழுதிவிடுகிறது. எளிய மிக்ஸ் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது, ஆகவே பாட்டு அரை நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். சாளரத்தின் அடியில் எத்தனை மடங்கு வேகத்தில் போகிறது என்ற எண்ணையும் ரீப்பர் காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது.

ஆஃப்லைன் என்றாலே வேகம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. என் பழைய மடிக்கணினியில் ஒருமுறை மாஸ்டர் ட்ராக்கில் (எல்லா ட்ராக்குகளும் வந்து சேரும் இறுதி ட்ராக்கில்) பதினாறு மடங்கு ஓவர்சாம்பிளிங் வைத்த லிமிட்டரும் ஒரு லீனியர்-ஃபேஸ் ஈக்யூவும் என இரண்டு கனமான ப்ளக்-இன்கள் சேர்ந்து ஓடியபோது, 'ஃபுல்-ஸ்பீட்' என்று பெயர் சொல்லிக்கொண்ட ரெண்டர் 0.8 மடங்கு வேகத்தில் நகர்ந்தது. பாட்டின் நீளத்தைவிட ரெண்டருக்கு அதிக நேரம் ஆயிற்று. அதே மிக்ஸை ஒலிக்கவிட்டால் நொடிக்கு நொடி அறுந்தது. ஆனால் வெளிவந்த கோப்பில் ஓர் இடத்திலும் அறுபடல் இல்லை, ஏனென்றால் கெடு என்று ஒன்று இல்லாத இடத்தில் கெடு தவறுவதும் இல்லை. ஆஃப்லைன் முறையில் நான் மதிப்பது அதன் வேகத்தைவிட இந்த நிதானத்தைத்தான். நிகழ்நேரத்தில் ஒலிக்கவே முடியாத கனமான மிக்ஸையும் அது பொறுமையாகச் செய்து முடித்துவிடும். இங்கே இன்னொன்றும் தெரிந்தது: செயலியில் எட்டு கோர்கள் இருந்தாலும் மாஸ்டரில் வரிசையாக நிற்கும் ப்ளக்-இன்களை அவற்றுக்கிடையே பங்கிட வழியில்லை, ஏனென்றால் முதலாவது முடித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது தொடங்க முடியும். தனித்தனி ட்ராக்குகளின் வேலை கோர்களுக்கிடையே பிரிகிறது. மாஸ்டரின் வேலை ஒற்றை வரிசையில் நிற்கிறது. ரெண்டர் மெதுவாகப் போகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது மாஸ்டர் ட்ராக்கைத்தான்.

நிகழ்நேரத்தில் எடுத்தால்தான் ஒலி 'நிறைவாக' இருக்கும் என்ற நம்பிக்கை துறையில் இன்னும் இருக்கிறது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டேப் காலத்தில் மிக்ஸ் என்பதே இரண்டு-ட்ராக் இயந்திரத்தில் பாட்டை முழுதாக ஓடவிட்டுப் பதிவதுதான். வேறு வழியே இல்லை. கணினி வந்த பிறகும், சென்னையின் திரைப்பட ஸ்டுடியோக்கள் உட்பட உலகெங்கும் பெரிய ஸ்டுடியோக்களில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோ டூல்ஸ் என்ற மென்பொருளில் ஆஃப்லைன் பவுன்ஸ் (ரெண்டருக்கு அங்கே வழங்கும் பெயர்) என்ற வசதி 2013-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை இருபது நிமிட ரீலை வெளியே எடுக்க இருபது நிமிடம் உட்கார வேண்டும். பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு ஃபேடர் தவறாக இருப்பது கண்ணில் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. லாஜிக் என்ற இன்னொரு மென்பொருளின் பவுன்ஸ் சாளரத்தில் நிகழ்நேரம், ஆஃப்லைன் என்று இரண்டும் அருகருகே இருக்கும். கியூபேஸில் நிகழ்நேர ஏற்றுமதிக்குத் தனியே ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். நெடுங்காலம் நிகழ்நேரத்தையே பார்த்துப் பழகிய காதுகள் புதிய முறையைச் சந்தேகித்ததில் வியப்பில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஒரே மிக்ஸை 'ஃபுல்-ஸ்பீட் ஆஃப்லைன்' முறையில் ஒருமுறையும் 'ஆன்லைன்' முறையில் ஒருமுறையும் 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, இரண்டையும் புதிய திட்டத்தில் சாம்பிளுக்குச் சாம்பிள் பொருந்தும்படி அடுக்கி, ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் போட (அதன் அலையைத் தலைகீழாக்க) வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனம்தான் மிஞ்சும். நான் முதலில் சோதித்தது குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் நேரடியாகப் பதிவான ஒரு மிக்ஸை. அதில் ஈக்யூவும் கம்ப்ரஸரும் தவிர வேறொன்றும் இல்லை. மீட்டர் அசையவே இல்லை. அடுத்து சிந்தசைஸரும், கோரஸ் (ஒரு குரலைப் பல போலக் காட்டும் எஃபெக்ட்), அசையும் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இரண்டும் உள்ள ஒரு விளம்பரப் பாட்டைச் சோதித்தபோது, அடியில் ஏதோ நுரைப்பது போன்ற எச்சம் கேட்டது. இதைக் கேட்டவுடன் 'பார்த்தீர்களா, ஆஃப்லைனில் தரம் போகிறது' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாமல் நான் ஆன்லைன் முறையிலேயே இன்னொருமுறை எடுத்து, இரண்டு ஆன்லைன் கோப்புகளையும் ஒன்றுக்கெதிராக ஒன்றை வைத்துப் பார்த்தேன். அதே நுரை, அதே அளவில். கோரஸின் உள்ளே சுழலும் எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) ஒவ்வொரு முறையும் வேறொரு புள்ளியிலிருந்து தொடங்குகிறது, ரிவெர்ப்பும் அப்படியே. 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் சேர்த்தால் அந்த மெல்லிய இரைச்சலும் தற்செயலானதே. எச்சத்துக்குக் காரணம் ரெண்டரின் வேகமில்லை என்பது எனக்கு அன்றே தெளிவாகிவிட்டது. இந்த மூன்றாவது ரெண்டரை எடுக்காமல் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனாலும் ஆஃப்லைன் முறை எப்போதும் பழுதில்லாமல் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாட்டிய அரங்கேற்றத்துக்காகப் பதிந்த பாட்டில், பின்னணிக்கு ஒரு தந்திவாத்தியக் குழுவின் சாம்பிள் லைப்ரரியை (முன்பே பதிந்த ஸ்வரங்களின் தொகுப்பை) பயன்படுத்தியிருந்தேன். எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. நள்ளிரவில் ரெண்டர் செய்து, கேட்காமலேயே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை நாட்டிய ஆசிரியை அழைத்து, "சார், சரணத்துல வயலின்கள் நடுநடுவே காணாமப் போகுதே, அப்படித்தான் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டபோது, அப்படித்தான் வைத்தேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. இவ்வகை லைப்ரரிகள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் ஏற்றிவைத்துக்கொண்டு, மீதியை வட்டிலிருந்து அவ்வப்போது இழுத்து ஒலிக்கின்றன. நிகழ்நேரத்தில் ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மீதி வந்து சேர்ந்துவிடும். ரெண்டர் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்போது ஸ்வரங்களும் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் கேட்கப்படுகின்றன. ஆனால் வட்டின் வேகம் கூடுவதில்லை. நன்றாக எழுதப்பட்ட ப்ளக்-இன் தான் ஆஃப்லைனில் இருப்பதை உணர்ந்து வட்டிலிருந்து தரவு வரும்வரை காத்திருக்கும். உணராதது அந்த ஸ்வரத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

'1எக்ஸ் ஆஃப்லைன்' இருப்பது இத்தகைய ப்ளக்-இன்களுக்காகத்தான். இது ஆஃப்லைன் கணக்கையே செய்கிறது, ஆனால் பாட்டின் வேகத்தைத் தாண்டாமல் கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதே சரணத்தை இதில் மறுபடியும் எடுத்தபோது எல்லா வயலின்களும் இருந்தன. வேறு பல மென்பொருள்களில் 'வேகம் அல்லது நிகழ்நேரம்' என்ற இரண்டே வழிகள் இருக்கும் இடத்தில் ரீப்பர் இப்படி ஒரு நடுவழியை வைத்திருப்பதே இந்தச் சாளரத்தை நான் பாராட்டுவதற்கு முதல் காரணம். இப்போதெல்லாம் அந்த லைப்ரரி உள்ள ட்ராக்கை மட்டும் முதலில் ஃப்ரீஸ் செய்து வேவ் கோப்பாக்கி, காதால் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, மொத்தப் பாட்டை முழு வேகத்தில் எடுக்கிறேன்.

ப்ளக்-இன் தன் நிலையை உணர்வதைப் பற்றிச் சொன்னேன். விஎஸ்டி3 என்ற ப்ளக்-இன் வரையறையிலேயே நிகழ்நேரம், முன்கூட்டிக் கணக்கிடல், ஆஃப்லைன் என மூன்று நிலைகளை மென்பொருள் ப்ளக்-இன்னுக்கு அறிவிக்க இடமிருக்கிறது. இதைச் சிலர் நல்லவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். யூ-ஹீ நிறுவனத்தின் டிவா சிந்தசைஸரில் துல்லியத்தைப் பல படிகளில் வைத்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது செயலிக்குச் சுமையில்லாத கீழ்ப்படியில் வைத்துவிட்டு, ஆஃப்லைன் ரெண்டரில் மட்டும் உச்சப்படிக்குத் தானே ஏறும்படி அமைக்க முடியும். அதாவது கோப்பில் வருவது மிக்ஸ் செய்தபோது கேட்டதைவிடத் துல்லியமானது. ஆஃப்லைனில் தரம் குறைவதில்லை என்ற வாதத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பதும் உண்மையே. ஃபில்டரைக் கடுமையாகத் திருகிய பேஸ் ஒலியில் வேறுபாடு காதுக்கே தெரிந்தது. மிக்ஸின் கடைசிக் கட்டத்தில் வாசிக்கும் தரத்தையும் மேலே ஏற்றிவைத்து ஒருமுறை கேட்டுக்கொள்வது என் பழக்கம். ஆஃப்லைன் நிலையை ப்ளக்-இன்களுக்கு அறிவிக்கலாமா வேண்டாமா என்பதையே ரீப்பரின் விஎஸ்டி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கும் என்று யாரும் தேடிப் போகமாட்டார்கள், ஆனால் இருக்கிறது.

ஒலிக்கும்போதுகூட ரீப்பர் முழுமையாக நிகழ்நேரத்தில் இயங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பதிவுக்குத் தயாராக வைக்கப்படாத ட்ராக்குகளின் எஃபெக்டுகளை, இயல்பு அமைப்பில் 200 மில்லிவிநாடி முன்னதாகவே அது கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. சமையலில் வெங்காயத்தை முன்பே நறுக்கி வைப்பது மாதிரி. சின்ன பஃபரிலும் கனமான திட்டங்களை ரீப்பர் சமாளிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இனி 'ஆன்லைன் ரெண்டர்'. கணினிக்கு வெளியே ஏதேனும் இருந்தால் இது ஒன்றே வழி. என்னிடம் ஒரு ஹார்ட்வேர் கம்ப்ரஸர் இருக்கிறது. இன்டர்ஃபேஸின் 3, 4 வெளியீடுகளிலிருந்து அதற்குள் போய், 3, 4 உள்ளீடுகளில் திரும்பி வரும்படி கேபிள் போட்டு, ரீப்பரோடு இலவசமாக வரும் ரீஇன்சர்ட் என்ற ப்ளக்-இன் வழியாகக் குரல் ட்ராக்கில் கோத்திருக்கிறேன். சிக்னல் போய்த் திரும்பும் தாமதத்தையும் அதிலேயே ஈடுகட்டிக்கொள்ளலாம். மின்சுற்றுக்குப் பன்னிரண்டு மடங்கு வேகம் என்ற ஒன்று தெரியாது. அதன் அட்டாக் நேரம் (செயல்படத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 மில்லிவிநாடி என்றால் அது நிஜமான 10 மில்லிவிநாடி. மிடி கேபிள் (ஸ்வரக் கட்டளைகளை அனுப்பும் கேபிள்) வழியாக வாசிக்கும் வெளி சிந்தசைஸருக்கும் இதே நிலைதான். ஆகவே இத்தகைய திட்டத்தை முழு வேகத்தில் எடுப்பதில் பொருளே இல்லை. நான் செய்வது: குரலைக் கம்ப்ரஸர் வழியாக ஒருமுறை நிகழ்நேரத்தில் ஓடவிட்டுத் தனி ட்ராக்காகப் பதிந்துவிட்டு, ரீஇன்சர்ட்டை அணைத்துவிடுவது. அதன்பின் எத்தனை திருத்தம் கேட்டாலும் ஆஃப்லைனிலேயே எடுத்துக்கொடுத்துவிடலாம். 'சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா' என்ற கேள்வி இரவு பதினொரு மணிக்கு வரும்போது இதன் அருமை தெரியும்.

நிகழ்நேரத்துக்கு ஆதரவாக எனக்கு ஏற்புடைய வாதம் ஒன்றே ஒன்று: அப்படி எடுக்கும்போது ஒருமுறையாவது பாட்டு முழுவதையும் கேட்டுவிடுகிறோம். இதை விரும்புபவர்கள் ரெண்டர் சாளரத்துக்கே போக வேண்டியதில்லை. கோப்பு மெனுவில் 'சேவ் லைவ் அவுட்புட் டு டிஸ்க்' என்ற கட்டளை இருக்கிறது. மாஸ்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது அப்படியே வட்டிலும் பதிவாகும், ஓடும்போதே ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்கினால் அதுவும் சேர்ந்தே பதிவாகும். டேப்பில் வேலை செய்து பழகிய மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவருக்கு இதைக் காட்டியபோது, மென்பொருளின் மற்ற எல்லா வசதிகளையும்விட இதைத்தான் அவர் ரசித்தார். ஒரு எச்சரிக்கை: செயலி திணறி ஒலி அறுந்தால், அந்த அறுபடலும் கோப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

சாளரத்தின் மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டெம்களை (குரல், தாளம் போன்ற பகுதிகளை) தனித்தனிக் கோப்புகளாக எடுப்பதும், கோப்புப் பெயரில் ட்ராக்கின் பெயரும் திட்டத்தின் பெயரும் தானாக வரும்படி செய்வதும், பல ரெண்டர்களை வரிசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் குறையில்லாமல் நடக்கின்றன. கோப்பே எழுதாமல் கணக்கை மட்டும் ஓட்டிப் பார்க்கும் 'ட்ரை ரன்' எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டின் மொத்த உரப்பு எத்தனை எல்யூஎஃப்எஸ் (உரப்பின் அலகு), எங்கேயாவது கிளிப் ஆகிறதா (எல்லை தாண்டிச் சிதைகிறதா) என்பதை மிகக் குறைந்த நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். இது ஆஃப்லைன் முறை இல்லாவிட்டால் சாத்தியமே இல்லாத வசதி.

குறைகளும் உண்டு. முதலாவது, நெரிசல். மூலம், எல்லை, கோப்பகம், பெயர், சாம்பிள் ரேட், சேனல், வேகம், வால், டிதர், நார்மலைஸ், வடிவம் என எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் திணித்திருக்கிறார்கள். அதில் முக்கியமான வேகப் பட்டியலுக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. '1எக்ஸ் ஆஃப்லைன்' எதற்கு என்று கையேட்டைத் திறக்காமல் புதியவர் ஒருவரால் ஊகிக்க முடியாது. 'ஆன்லைன்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இணைய இணைப்பு வேண்டுமோ என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் இருவர். இரண்டாவது, வால். ரிவெர்ப் அடங்குவதற்காகப் பாட்டின் முடிவுக்குப் பின் எத்தனை மில்லிவிநாடி சேர்க்க வேண்டும் என்பதை நாமே எண்ணால் சொல்ல வேண்டும். முன்பே இருக்கும் 1000 என்ற எண், கோயில் மண்டபம் போன்ற நீண்ட ரிவெர்ப்புக்குப் போதாது. தம்புராவின் கடைசி மீட்டல் பாதியில் வெட்டுப்பட்ட கோப்பை நான் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். அது என் கவனக்குறைவுதான். ஆனாலும் ஒலி மௌனத்தில் அடங்கும்வரை தானே தொடரும் ஒரு தேர்வை முன்னால் வைத்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. இப்போது வாலை 8000 என்று வைத்து, மிஞ்சிய மௌனத்தைப் பின்னர் வெட்டிக்கொள்கிறேன்.

விலையைப் பற்றி: 60 நாட்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முயன்று பார்க்கலாம். அதன்பின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் தனிநபர்களுக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சிறு ஸ்டுடியோக்களுக்கும் 60 டாலர். மற்றவர்களுக்கு 225 டாலர். வசதிகளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இப்போது வாங்கும் உரிமம் 8.99 பதிப்பு வரை செல்லும். என்னைப்போல் வீட்டு அறையில் வேலை செய்பவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வெளிக் கருவிகள் நிறைய வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன், அந்த அறுபது நாட்களுக்குள் தங்கள் இன்டர்ஃபேஸில் ரீஇன்சர்ட்டின் தாமதம் சரியாக ஈடுகட்டப்படுகிறதா என்பதை ஒரு முழுப் பாட்டை ஆன்லைன் முறையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கம்ப்ரஸர் வழியாகப் போன மிருதங்கத்தையும் போகாத மிருதங்கத்தையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அடி விழும் இடம் தள்ளிப்போயிருந்தால் கண்ணிலேயே பட்டுவிடும்.